லூதியானாவில் ஒரு மே மாதம்: சேது எஃப்.சி. பெண்கள் வென்றதும் நாம் கவனிக்காமல் விட்டதும்

2019 மே 23 அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் இதை வாசிக்கும் தோழர்களில் பெரும்பாலோர் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால். மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள் அது. சிதம்பரத்தில் பானைச் சின்னம் ஒரு சுற்றில் முந்துவதும் அடுத்த சுற்றில் பின்தங்குவதுமாக நம் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் 3,219 வாக்கு வித்தியாசத்தில் தொல். திருமாவளவன் வென்றார். அந்த எண் இன்றைக்கும் நம்மில் பலருக்கு மனப்பாடம்.

அதற்கு முந்தைய நாள், மே 22 அன்று, பஞ்சாபின் லூதியானாவில் குரு நானக் மைதானத்தில் இன்னொரு முடிவு வந்திருந்தது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. என்ற பெண்கள் கால்பந்து அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கோல் கணக்கில் வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. தமிழ்நாட்டு கிளப் ஒன்று இந்த லீக்கை வெல்வது அதுவே முதல் முறை. மறுநாள் பத்திரிகைகளில் தேர்தலைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. பத்திரிகைகளைக் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த வாரம் நாமும் இங்கே ஒரு வரி எழுதவில்லை. சிதம்பரம் தொகுதியின் ஒரு பகுதி கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. கோப்பையை வென்ற அந்த அணியில் ஆடிய இந்துமதி கதிரேசனும் கடலூர்க்காரர்தான். ஒரே மாவட்டத்தின் இரண்டு செய்திகளில் ஒன்றுக்கு இரவெல்லாம் விழித்திருந்தோம், இன்னொன்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் கடனை இப்போதாவது தீர்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் லீக்கைப் பற்றி. ஆண்களுக்கான தேசியக் கால்பந்து லீக் இந்தியாவில் 1996இல் தொடங்கியது. பெண்களுக்கான லீக் தொடங்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின. அதுவரை இங்கே பெண்கள் பந்தைத் தொடாமலா இருந்தார்கள்? 1975இலேயே பெண்கள் கால்பந்துக்குத் தனிச் சம்மேளனம் வந்துவிட்டது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம். 1983இல் மறுபடியும் இரண்டாம் இடம். இந்திய ஆண்கள் அணி அப்போது ஆசியாவில் எங்கே இருந்தது என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். ஆட்டம் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் ஆட ஒரு லீக் வேண்டும் என்று நினைக்கத்தான் நிர்வாகத்தில் ஆளில்லை. இது இந்தியாவின் தனி நோயும் அல்ல. கால்பந்தின் தாய்வீடு என்று பெருமை பேசும் இங்கிலாந்தில், 1921 டிசம்பரில் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. சுமார் 50 ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. 'நீ ஆடிக்கொள், ஆனால் எங்கள் திடலில் கால் வைக்காதே' என்பதுதான் அதன் சாரம். இந்த மொழி நமக்குப் புதிதா என்ன?

முதல் லீக்கின் இறுதிச் சுற்று 2017 ஜனவரி கடைசியில் தொடங்கி பிப்ரவரி 14 அன்று முடிந்தது. நடந்த இடம் டெல்லி அம்பேத்கர் ஸ்டேடியம். பெயரைக் கேட்டதும் நமக்கு ஒரு சிலிர்ப்பு வரும், வரட்டும். ஆனால் பெயர் வைத்ததோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதையும் நாம் அறிவோம். ஆறு அணிகள் ஆடின. கோடிகளில் புரண்ட ஐ.எஸ்.எல். கிளப்புகளில் புனே சிட்டி மட்டும்தான் வந்தது. ஐ-லீக் கிளப்புகளில் ஐஸ்வால் மட்டும். மற்றவை இம்பாலின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், கட்டக்கின் ரைசிங் ஸ்டூடன்ட்ஸ், ஹரியானாவின் அலக்புரா என்ற கிராமத்து அணி, நம் ஊரிலிருந்து ஜேப்பியார் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி கல்லூரி அணி. ஒரு கிராமமும் ஒரு கல்லூரியும் செய்ததைப் பெரிய முதலாளிகளின் கிளப்புகள் செய்யவில்லை. பட்டம் இம்பாலுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஷில்லாங்கில் நடந்த லீக்கில் கட்டக் அணி வென்றது.

அந்த ஷில்லாங் லீக்கில்தான் சேது எஃப்.சி. வருகிறது. 2016இல் தொடங்கப்பட்ட கிளப். வரும்போதே இரண்டு வெளிநாட்டு வீராங்கனைகளை அழைத்துவந்தது, வங்கதேசத்தின் சபீனா காத்தூன், கிருஷ்ணா ராணி சர்கார். அன்றைக்கு யாருக்கும் பெரிதாகத் தெரியாத பெயர்கள். 2022 செப்டம்பரில் காத்மாண்டுவில் நேபாளத்தை 3-1 என்று வென்று வங்கதேசம் முதன்முறையாகத் தெற்காசியக் கோப்பையைத் தூக்கியபோது, அணியின் கேப்டன் அந்த சபீனாதான். இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர் அந்த கிருஷ்ணாதான். எல்லை தாண்டி வருபவர்களை நம் நாட்டின் மேடைகளில் எந்தெந்த வார்த்தைகளால் அழைக்கிறார்கள் என்பதை நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மதுரை கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு முஸ்லிம் பெண்ணும் ஒரு இந்துப் பெண்ணும் டாக்காவிலிருந்து வந்து ஷில்லாங்கில் ஆடியதை அந்த மேடைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதே ஷில்லாங்கில் தமிழ் மண்ணிலிருந்து இன்னொரு அணியும் ஆடியது. இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம். கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் வளர்த்தெடுத்த பிள்ளைகள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சேதுவின் வெற்றிக்கு வேர் ஓடிய இடங்களில் கடலூரும் ஒன்று.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடியாக அடி வாங்கிய கரைகளில் கடலூரும் உண்டு. அந்த நாட்களில் நிவாரணப் பணிக்குப் போன தோழர்களுக்கு நினைவிருக்கும். அலை சாதி பார்க்கவில்லை, நிவாரணம் பார்த்தது. படகும் வலையும் இழந்தவர்களுக்குக் கணக்கு எடுத்தார்கள். உப்பேறிய வயலில் கூலி இழந்த தலித் குடும்பங்களும், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்தவர்களும், மீன் சுமந்து விற்ற பெண்களும் 'பாதிக்கப்பட்டோர்' பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். முகாம்களில் தண்ணீர் தொட்டியும் கழிப்பறையும் பிரிந்தன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு இல்லம் திறந்தது. அந்த இல்லத்துப் பெண் பிள்ளைகளில் சிலருக்கு மாரியப்பனின் பயிற்சியில் கால்பந்து கிடைத்தது. அங்கிருந்து மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் போனார்கள்.

ஏன் கால்பந்து? காரணம் எளிது. ஒரு பந்து போதும், இருபது பேர் ஆடலாம். மட்டை வேண்டாம், பேடு வேண்டாம், வெறுங்காலில் தொடங்கலாம். கிரிக்கெட் மட்டையின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்த நம் வீட்டுப் பையன்களுக்கு இது தெரியும். ஆனால் ஒன்று வேண்டும். தரை வேண்டும். நூறு மீட்டர் நீளத்துக்குத் தட்டையான, யாரும் துரத்தாத தரை. நம் குடியிருப்புகளில் இல்லாதது அதுதான்.

2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வென்றது. பெரும்பாலான ஆண்டுகள் அந்தக் கோப்பையைத் தன் வீட்டிலேயே வைத்திருந்த மணிப்பூரை. மாநில அணிக்கு அது முதல் பட்டம். ஆக, 2019 மே மாதம் சேது எஃப்.சி. லூதியானாவில் இறங்கியபோது வெறுங்கையோடு இறங்கவில்லை. ஓராண்டுக்கு முன்பே மணிப்பூரை வென்ற அனுபவம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இருந்தது. கூடவே நேபாளத்தின் சபித்ரா பண்டாரி முன்வரிசையில் இருந்தார். அவர் பிற்பாடு பிரான்ஸ் லீக் வரை போய் ஆடியவர்.

அந்த சீசன் எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் சிலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். 12 அணிகள், இரண்டு பிரிவுகள், பிறகு அரையிறுதி, இறுதி. மே 5 அன்று தொடக்கம், மே 22 அன்று முடிவு. பதினெட்டு நாட்கள். அவ்வளவுதான் 'சீசன்'. எல்லா அணிகளும் ஒரே ஊரில் தங்கி, பஞ்சாபின் மே மாத வெயிலில், ஒரு நாள் ஆடி ஓரிரு நாள் ஓய்வெடுத்து மறுபடியும் ஆடினார்கள். சாம்பியன் ஆன அணி ஆடியதே ஏழு ஆட்டங்கள். சொந்த ஊர் ஆட்டம் என்று ஒன்றும் கிடையாது. மதுரை மக்கள் தங்கள் அணியைத் தங்கள் ஊரில் பார்க்கவில்லை.

அதே பருவத்தில் ஆண்கள் ஐ-லீக்கை வென்றது யார் தெரியுமா? சென்னை சிட்டி எஃப்.சி. ஒரே ஆண்டில் ஆண்கள் ஐ-லீக், பெண்கள் லீக் இரண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஆண்கள் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை 20 ஆட்டங்கள் ஆடினார்கள். கடைசி ஆட்டத்தில் கோவையில் தங்கள் ரசிகர்களின் முன்னால் பஞ்சாபின் மினர்வா அணியை 3-1 என்று வென்று கோப்பை வாங்கினார்கள். பெண்கள் பஞ்சாபுக்கே போய் அதே 3-1 கணக்கில் வென்று ரயிலேறி வந்தார்கள். ஐந்து மாதம் ஆடும் ஆணுக்கு ஐந்து மாதச் சம்பளம் என்றாவது ஒன்று இருக்கும். பதினெட்டு நாள் ஆடும் பெண்ணுக்கு மீதி பதினொரு மாதம் என்ன? கல்லூரி விடுதி, அரசு வேலைக்கான காத்திருப்பு, அல்லது கல்யாணப் பேச்சு. இந்தக் கணக்குதான் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெண்ணை ஆட்டத்தைவிட்டு வெளியே தள்ளுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை பதினொரு மாதம் காத்திருக்கலாம். நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை காத்திருக்க முடியாது.

இன்னொன்று. அந்த சேது அணிக்குப் பயிற்சியாளர் ஒரு பெண், அம்ருதா அரவிந்த். அதே ஆண்டு தீபாவளிக்கு 'பிகில்' படம் வந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி, அதற்கு ஒரு நாயகன் பயிற்சியாளர், அவர் வந்துதான் பெண்களுக்கு வீரம் ஊட்டுகிறார். திரையரங்கில் நம் பிள்ளைகளும் விசில் அடித்தார்கள். அதில் தவறில்லை, நாங்களும் முதல் வாரமே பார்த்தோம். ஐந்து மாதத்துக்கு முன்னால் உண்மையிலேயே ஒரு தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, ஒரு பெண்ணின் பயிற்சியில் தேசிய லீக்கை வென்றிருக்கிறது என்பது அந்த விசில்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே சில தோழர்கள் கேட்கலாம்: அந்த அணியில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், பெயர் சொல்லுங்கள் என்று. சொல்லப் போவதில்லை. தானே முன்வந்து அறிவிக்காத ஒரு பெண்ணின் சாதியை அவள் ஜெர்சி முதுகில் எழுதுவது நம் வேலை அல்ல. எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்ற அன்று, ஹரித்துவார் அருகே வந்தனா கட்டாரியா வீட்டுக்கு முன்னால் பட்டாசு வெடித்தார்கள் ஆதிக்கச் சாதி இளைஞர்கள். தலித்துகளைச் சேர்த்ததால்தான் அணி தோற்றது என்று கத்தினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டிருந்தார் வந்தனா. வென்றால் இந்தியாவின் மகள், தோற்றால் சேரிப் பெண்.

நம் மண்ணில் இதைவிடக் கொடியது நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவர் உடலைப் பற்றி நாடே விவாதித்தது, அவர் தரப்பைக் கேட்க ஆளில்லை. ஆசியப் பதக்கம் வென்றவர் மறுபடி செங்கல் சூளைக்குப் போக நேர்ந்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகே அரசுப் பயிற்சியாளர் வேலை நிலையானது. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, அரைக்கால் சட்டையோடு தெருவில் நடக்கும் ஒவ்வொரு கால்பந்துப் பெண்ணையும் 'ஆம்பிளை மாதிரி' என்று சொல்லும் வாய், சாந்தியைச் சொன்ன அதே வாய்தான். அந்த வாய் ஊரில் மட்டும் இல்லை, நம் தெருவிலும் இருக்கிறது.

வரலாறு என்று பேசுகிறபோது பல்வங்கர் பாலுவை விட்டுவிட முடியாது. 1911இல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர். சமார் சமூகத்தவர் என்பதால் புனே கிளப்பில் தேநீர் தனிக் குவளையில், வெளியே. இந்துக்கள் அணிக்குக் கேப்டன் பதவி கடைசி வரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. இளம் அம்பேத்கர் பாலுவைக் கொண்டாடியவர். பின்னாளில், 1937 தேர்தலில், காங்கிரஸ் அதே பாலுவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியதும் நடந்தது, தோற்றதும் நடந்தது. பாலுவைப் பற்றி இன்று நாம் பேச முடிவது யாரோ அந்த ஆட்டக் கணக்குகளைப் பாதுகாத்ததால்தான். பெண்கள் ஆட்டத்துக்கு அந்தக் கணக்குப் புத்தகம்கூடச் சரியாக இல்லை.

லூதியானாவுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2020 தொடக்கத்தில் பெங்களூரில் நடந்த லீக்கில் பட்டம் கோகுலம் கேரளாவுக்குப் போனது. பிறகு கொரோனா. இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி, தமிழ்நாடு காவல்துறையின் உதவி ஆய்வாளராக, ஊரடங்கில் சென்னைச் சாலைகளில் முகக்கவசத்தோடு நின்று பணியாற்றினார். அந்தப் படம் எல்லா ஊடகங்களிலும் வந்தது. கோல் போட்ட படத்தைவிட அதிகமாக வந்தது என்பது எங்கள் எரிச்சல். ஆனால் அந்த வேலை இருந்ததால்தான் அவரால் ஆட்டத்தில் நீடிக்க முடிந்தது என்பதும் உண்மை. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை என்பது சலுகை அல்ல, பதினொரு மாதப் பட்டினிக்கான பதில்.

2022இல் ஒடிசாவில் லீக் முதன்முறையாக லீக் போலவே நடந்தது. 12 அணிகளும் ஒன்றோடொன்று மோதின. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது சேதுவும் கோகுலமும் பத்தையும் வென்றிருந்தன. மே 26 அன்று பதினோராவது ஆட்டத்தில் இரண்டும் நேருக்கு நேர். சேது முதல் கோலைப் போட்டது. பிறகு கோகுலம் மூன்று போட்டது. மறுபடியும் அந்த 3-1, இந்த முறை நம் பக்கம் ஒன்று. பதினோரு ஆட்டத்தில் பத்தை வென்றும் இரண்டாம் இடம். சொந்த ஊரிலும் எதிரி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை வர 2023 டிசம்பர் வரை ஆனது, அதுவும் ஏழே அணிகளோடு. இடையில் 2023 ஜூனில் அமிர்தசரஸில் தமிழ்நாடு மாநில அணி ஹரியானாவை 2-1 என்று வென்று மறுபடி தேசிய சாம்பியன் ஆனது. அப்போது மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது. இந்தியப் பெண்கள் கால்பந்தை நீண்ட காலம் தூக்கிப் பிடித்த மண்ணில் பிள்ளைகள் முகாம்களில் கிடந்தார்கள்.

எங்கள் பகுதிக்கு வருகிறோம். ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் அண்ணல் பிறந்தநாளுக்குப் போட்டி நடத்துவோம். பையன்களுக்குக் கபடி, கிரிக்கெட். பெண் பிள்ளைகளுக்குக் கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும். பல ஆண்டுகளாக இதை நடத்தியவர்கள் நாங்கள்தான், வேறு யாரும் இல்லை. ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி "அண்ணா, எங்களுக்குப் பந்து கிடையாதா?" என்று கேட்டாள். பதில் இல்லை. அடுத்த ஆண்டு பெண் பிள்ளைகளுக்கு எழுவர் கால்பந்து அறிவித்தோம். ஊர்ப் பொதுத் திடல் கிடைக்கவில்லை, திருவிழாப் பந்தல் சாமான் கிடக்கிறது என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, நம் தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து அரைக்கால் சட்டை வேண்டாம் என்று சொன்னது. அவர்களோடு இரண்டு இரவு பேசினோம். தோழியர்தான் பேசினார்கள், நாங்கள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குப் பின்னால் கருவேலம் வெட்டி, கல் பொறுக்கி, செங்கல் வைத்து கோல்கம்பம் அடையாளம் போட்டு ஆட்டம் நடந்தது. அந்தப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாகவே கிடக்கிறது. மனு கொடுத்திருக்கிறோம், மறுபடியும் கொடுப்போம். இரண்டு அணிக்குப் போதுமான பிள்ளைகள் வந்தார்கள். கோல்கீப்பராக நிற்கத்தான் யாரும் முன்வரவில்லை, கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மாட்டிக்கொண்ட பிள்ளை இடைவேளை வரை அழுதுகொண்டே நின்றாள், பிறகு வந்த இரண்டு பந்துகளையும் பிடித்தாள். இந்த ஆண்டும் அவள்தான் நிற்கப் போகிறாளாம். கையுறை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள்.